கரைக்கு வந்த ஆள் எத்தனை?

தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு. விடிய இன்னும் நேரம் இருக்கிறது. கலங்கரை விளக்கத்தின் ஒளி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிறது. அந்த வெளிச்சத்தில் ஒரு பைபர் வள்ளமும், பக்கத்தில் நான்கு பேரும். ஐந்தாவது ஆள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. என்ஜின் பார்க்கிறவர் அவர்தான். வலை தயார், ஐஸ் தயார், எண்ணெய் நிரப்பியாயிற்று. வள்ளம் மட்டும் மணலில் கிடக்கிறது.

"உங்க வள்ளத்துக்கு மொத்தம் எத்தனை பேரு அண்ணாச்சி?" என்று உரிமையாளரிடம் கேட்டேன்.

"நோட்டுல ஒன்பது பேரு இருக்கு தம்பி. நோட்டு கடலுக்குப் போவுமா? இன்னைக்குக் கரைக்கு வந்த ஆளு எத்தனைன்னு கேளு."

தூத்துக்குடியில் சரக்கு அலுவலகங்களில் பல ஆண்டுகள் ஆள் எடுத்து, ஆள் இழந்து, மறுபடி ஆள் தேடியவன் நான். நிர்வாகப் புத்தகங்கள் பத்துப் பக்கத்தில் சொல்வதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். அணியின் பலம் பட்டியலில் இருக்கும் பெயர்களின் எண்ணிக்கையில் இல்லை. இந்த வேலையை இன்று காலையில் செய்யக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பதில்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கை இம்மி பிசகாமல் போட்டே ஆகவேண்டிய ஒரு விளையாட்டு உண்டு: ரக்பி. நம் கரையில் பந்து என்றால் கால்பந்துதான். நீள்வட்டப் பந்தைத் தொட்டவர்கள் குறைவு. ஆனாலும் ஆள் திட்டமிடுவதை அந்த விளையாட்டிடம் கற்றுக்கொள்ளலாம். அணி நடத்துபவருக்கும், கடை நடத்துபவருக்கும், அலுவலகத்தில் பத்துப் பேரை மேய்ப்பவருக்கும் பாடம் ஒன்றே.

ஏன் ரக்பி?

முழு ரக்பியில் ஒரு பக்கம் 15 பேர். சர்வதேச ஆட்டமென்றால் வெளியே 8 மாற்று வீரர்கள், மொத்தம் 23. கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேன் இல்லையென்றால் இன்னொருவர் ஏதோ சமாளிப்பார். இங்கே அது நடக்காது. ஸ்க்ரம் என்று ஒன்று இருக்கிறது: இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து, குனிந்து, ஒருவரை ஒருவர் தள்ளுவது. அதன் முன்வரிசையில் நிற்கும் மூன்று பேரின் கழுத்திலும் முதுகிலும்தான் மொத்தப் பாரமும் இறங்கும். பழக்கமில்லாதவரை அங்கே நிறுத்தினால் கழுத்தெலும்பு போய்விடும்.

அதனால் விதியே போட்டிருக்கிறார்கள். 23 பேர் கொண்ட அணியில் குறைந்தது ஆறு பேர் முன்வரிசைக்கென்று பயிற்சி பெற்றிருக்க வேண்டும். மூன்று இடம், ஆறு ஆள். தகுந்த ஆள் இல்லாமல் போனால், தள்ளுமுள்ளு இல்லாத வெறும் சடங்கு ஸ்க்ரம்தான். பல போட்டிகளில் அந்த அணி ஓர் ஆளைக் குறைத்துக்கொண்டும் ஆட வேண்டும். பின்வரிசையில் எத்தனை நல்ல ஓட்டக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அந்த நேரத்தில் பயனில்லை.

சின்ன வடிவமான ஏழு பேர் ரக்பியிலும் கணக்கு லேசானது இல்லை. 2025 ஜூன் 15 முதல் 29 வரை மும்பையில் முதல் ரக்பி பிரீமியர் லீக் நடந்தது. ஆறு அணிகள். ஒவ்வொன்றிலும் 13 பேர்: உலக நட்சத்திரங்கள் 5, கனடா, ஹாங்காங், ஜெர்மனி போன்ற இடங்களிலிருந்து வந்த 'பிரிட்ஜ்' வீரர்கள் 3, இந்தியர்கள் 5. இரண்டே வாரத்தில் அடுத்தடுத்து ஆட்டம். இறுதியாட்டத்தில் சென்னை புல்ஸ் டெல்லி ரெட்ஸை 41–0 என்று துடைத்தெடுத்துக் கோப்பையை வாங்கியது.

அந்த 5–3–5 பங்கீட்டைக் கவனியுங்கள். உச்சியில் விலை உயர்ந்த ஆள், அடியில் உள்ளூர் ஆள், நடுவில் இரண்டையும் இணைக்கும் படி. நம் நிறுவனங்களில் பெரும்பாலும் அந்த நடுப்படிதான் காணாமல் போயிருக்கும். மேலே இருபது வருட அனுபவஸ்தர், கீழே நேற்றுச் சேர்ந்த பிள்ளை. மேலே இருப்பவர் விலகினால் விழுவது ஒரு படி அல்ல, ஒரு மாடி.

படி 1: ஆளை எழுதாதீர்கள், வேலையை எழுதுங்கள்

ஒரு பள்ளிக்கூட நோட்டுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பெயர்களை எழுதத்தான் கை போகும். வேண்டாம். செய்யவேண்டிய வேலைகளை மட்டும் எழுதுங்கள். 'மேனேஜர்', 'கிளார்க்' போன்ற பதவிப் பெயர்களும் வேண்டாம். "காலையில் லாக்கர் திறப்பது", "வங்கிக்குப் பணம் கட்டுவது", "அரிசி ஆலைக்காரரிடம் விலை பேசுவது", "கணினி முரண்டு பிடித்தால் சரிசெய்வது" என்று எழுதுங்கள். அணியென்றால் "ஸ்க்ரம்மின் இடது முனை", "உதை", "பின்னால் நின்று உயரப் பந்தைப் பிடிப்பது".

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வேலைக்கும் நேரே ஒரே கேள்வி: இது ஒரு நாள் நின்றால் எல்லாமே நிற்குமா? ஆம் என்றால் அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். அதுதான் உங்கள் முன்வரிசை. பெரும்பாலான இடங்களில் இப்படி மூன்று அல்லது நான்கு வட்டம்தான் வரும். உங்கள் பணமும் பொறுமையும் முதலில் அங்கே போகட்டும்.

படி 2: மூன்று கட்டம் போடுங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் மூன்று கட்டங்கள்.

முதல் கட்டம்: இப்போது செய்பவர்.
இரண்டாம் கட்டம்: நாளைக் காலையிலேயே அந்த இடத்தில் நிற்கக்கூடியவர்.
மூன்றாம் கட்டம்: ஒரு வருடத்தில் தயாராகக்கூடியவர்.

நிரப்பிய பிறகு இரண்டாம் கட்டத்தை மேலிருந்து கீழாகப் படியுங்கள். ஒரே பெயர் மூன்று இடத்தில் வருகிறதா? அங்கேதான் கணக்கு ஏமாற்றுகிறது. எல்லாம் தெரிந்த அந்தப் பையனை மூன்று மாற்றாளாக எண்ணிவிட்டீர்கள். இரண்டு பேர் ஒரே நாளில் காய்ச்சலில் படுத்தால் அவரால் ஓர் இடத்தில்தான் நிற்க முடியும்.

2023 ரக்பி உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கா இந்தப் பள்ளத்தின் ஓரத்திலேயே நடந்து காட்டியது. ஹூக்கர் என்பது ஸ்க்ரம் முன்வரிசையின் நடு இடம். அவர்களுடைய முக்கிய ஹூக்கர்களில் ஒருவரான மால்கம் மார்க்ஸ் போட்டியின் நடுவே காயமடைந்தார். அவருக்குப் பதிலாக இன்னொரு ஹூக்கரை அழைக்கவில்லை. உதைப்பதில் வல்லவரான ஹான்ட்ரே பொல்லார்டை அழைத்தார்கள். ஆக, அந்த வேலைக்கென்றே இருந்தவர் போங்கி ம்போனாம்பி ஒருவர்தான். முன்பு ஹூக்கராக ஆடியிருந்த டியான் ஃபூரியை மாற்றாளாக வைத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 28, பாரிஸ், நியூசிலாந்துக்கு எதிரான இறுதியாட்டம். தொடங்கிய மூன்று நிமிடத்துக்குள் ம்போனாம்பி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். 37 வயது ஃபூரி ஏறக்குறைய முழு ஆட்டமும் அந்த இடத்தில் நின்றார். தென்னாப்பிரிக்கா எடுத்த 12 புள்ளிகளும் பொல்லார்டின் நான்கு உதைகள். வெற்றி 12–11.

தைரியம் என்று இதைப் பாராட்டலாம். ஆனால் இரண்டு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. ஒன்று, அந்த இடத்தில் ஆள் குறைவு என்று தெரிந்தே அவர்கள் துணிந்தார்கள், தெரியாமல் மாட்டிக்கொள்ளவில்லை. இரண்டு, ஃபூரி அந்த வேலையை ஏற்கெனவே கைப்பழக்கமாகச் செய்தவர். உங்கள் தாளில் ஓர் இரண்டாம் கட்டம் காலியாக இருப்பது குற்றமில்லை. காலியாக இருப்பது உங்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

படி 3: பக்கத்து மைதானத்தில் தேடுங்கள்

"அனுபவமுள்ள ஆள் தேவை" என்று விளம்பரம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது, ஊரில் விளையாடாத விளையாட்டுக்கு ஊரிலேயே வீரர் தேடுவது போல. வேலையின் பெயரை விடுங்கள். அந்த வேலைக்கு எந்தக் கை வேண்டும், எந்தக் கண் வேண்டும் என்று பாருங்கள்.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடி கபடி மண். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய கபடி அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்ற மணத்தி கணேசன் இந்த மண்ணின் மகன். ஓடிவருபவரின் இடுப்புக்குக் கீழே பாய்ந்து பிடிப்பது, பிடித்த பிடி நழுவாமல் கூட்டாளிகள் வந்து சேரும்வரை தாங்குவது, மூச்சை அளந்து செலவழிப்பது: ஒரு ரக்பி பயிற்சியாளர் இரண்டு வருடம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில் பாதி கபடிக்காரரிடம் ஏற்கெனவே இருக்கிறது. கைகளால் சுற்றிப் பிடிக்க வேண்டும், தோளுக்கு மேலே போகக் கூடாது என்ற விதிகளையும், பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது என்பதையும் பழக்கினால் போதும். வலை இழுத்துப் பழகிய முதுகு ஸ்க்ரம்முக்கு எவ்வளவு பொருந்தும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒடிசா இதைச் செய்து காட்டியது. புவனேஸ்வரில் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தின் சிறுவர் அணி 2007-இல் லண்டனில் 14 வயதுக்குட்பட்டோர் போட்டியை வென்றது. அந்தப் பள்ளியிலிருந்து வந்த சுமித்ரா நாயக்தான் 2019-இல் மணிலாவில் சிங்கப்பூருக்கு எதிராக வெற்றி உதையை அடித்தவர். 21–19. 15 பேர் ரக்பியில் இந்தியப் பெண்கள் அணிக்கு அதுதான் முதல் சர்வதேச வெற்றி. ஒரு பள்ளியில் விதைத்தது பன்னிரண்டு வருடத்தில் நாட்டின் அணிக்கு விளைந்தது.

உங்கள் அலுவலகத்துக்கும் இதுவே. சுங்க ஆவண வேலைக்கு ஆள் கிடைக்கவில்லையா? பத்திர எழுத்தர் அலுவலகத்தில் தப்பில்லாமல் படிவம் நிரப்பிப் பழகியவரைப் பாருங்கள். விற்பனைக்கு ஆள் வேண்டுமா? ஏலக் கூடத்தில் மீன் விலை கூவியவரைவிட நல்ல ஆள் எங்கே கிடைப்பார்?

படி 4: எதை நம்பி வந்தார்கள் என்று கேளுங்கள்

இந்திய ரக்பியின் முதல் பெரிய தோல்வி மைதானத்தில் நடக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் நடந்தது. 1872 கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் பிரிட்டிஷார் ஓர் ஆட்டம் ஆடினார்கள். உற்சாகம் தலைக்கேறி, அடுத்த மாதமே கல்கத்தா ஃபுட்பால் கிளப் பிறந்தது. உறுப்பினர்கள் குவிந்தார்கள். காரணங்களில் ஒன்று, கிளப்பில் இலவசமாகக் கிடைத்த மது. செலவு தாங்காமல் அதை நிறுத்தியதும் கூட்டம் கரைந்தது. அணிக்கு ஆள் கொடுத்துவந்த ராணுவப் படைப்பிரிவு ஊரைவிட்டு மாறிப் போனது. மிச்சமிருந்தவர்களைப் போலோவும் டென்னிஸும் இழுத்துக்கொண்டன.

கையிருப்பில் பணம் இருந்தது, ஆட ஆள் இல்லை. வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி, மூன்று நாகங்கள் கைப்பிடியாகவும் மூடியின்மேல் யானையுமாக ஒரு கோப்பை செய்து, 1878-இல் இங்கிலாந்தின் ரக்பி சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுக் கடையை மூடினார்கள். இன்றைக்கும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதும் 'கல்கத்தா கோப்பை' அதுதான்.

அந்தக் கிளப் செய்த தவறுகளை இன்றும் தினம் பார்க்கிறோம். எல்லா ஆளையும் ஒரே ஊற்றிலிருந்து எடுப்பது: ஒரே கல்லூரி, ஒரே ஏஜெண்ட், ஒரே ஊர், ஒரே குடும்பம். அந்த ஊற்று வற்றினால் மொத்தமும் வற்றும். அடுத்தது, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைக் காட்டி ஆள் சேர்ப்பது: சேரும்போது ஒரு முன்பணம், ஒரு புது போன். அதைவிடப் பெரிய முன்பணம் காட்டுபவர் வரும்வரைதான் அந்த ஆள் நம் ஆள். கடல் தொழிலில் இதை நன்றாக அறிவார்கள். முன்பணத்துக்கு வந்தவர் முன்பணத்துக்கே போவார்.

ஒருவரை எடுக்கும்போது நேராகக் கேளுங்கள்: "இங்கே எதற்காக வருகிறீர்கள்? எது நடந்தால் போய்விடுவீர்கள்?" பாதிப் பேர் உண்மை சொல்வார்கள். அந்தப் பாதியே பெரிய லாபம்.

படி 5: இரண்டாம் ஆளைத் தண்ணீரில் இறக்குங்கள்

மாற்றாளை எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு என் சொந்தக் கதை ஒன்று.

நான் இருந்த ஓர் அலுவலகத்தில் ஏற்றுமதிக் கப்பல் பில்களைச் சுங்கத் துறைக் கணினியில் பதிவேற்றியது ஒரே ஒரு அக்கா. பாஸ்வேர்டு அவர் மனதில். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அவர் கைப்பையில், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில். ஒரு வெள்ளிக்கிழமை அவர் அம்மாவுக்கு நெஞ்சுவலி. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்; கைப்பையும் கூடவே போனது. உறைய வைத்த இறால் ஏற்றிய கன்டெய்னர் துறைமுக வாசல் அடைக்கும் நேரத்துக்குள் உள்ளே போக முடியவில்லை. கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பல்வரை கன்டெய்னருக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தோம். அந்தப் பில்லைப் பார்த்தபோது எங்களுக்கே உறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு என்ன செய்தோம்? உடனே இரண்டு பேரை வேலைக்கு எடுத்தோம். ஆறு மாதம் கழித்து அந்த அக்கா கல்யாணத்துக்காக நான்கு நாள் விடுப்பு கேட்டபோதுதான் தெரிந்தது: அந்த இரண்டு பேரும் ஒரு பில்லைக்கூடத் தாங்களாகப் பதிவேற்றியதில்லை. ஃபைல் எடுத்துக் கொடுத்தார்கள், டீ சொன்னார்கள், பக்கத்தில் நின்று பார்த்தார்கள். ஆள் எண்ணிக்கை கூடியது. வேலை தெரிந்த ஆள் அதே ஒருவர்தான். பொறுப்பில் இருந்தவர்களில் நானும் ஒருவன், தவறு என்னுடையதும்.

இந்தக் கடலில் முத்துக்குளித்த காலத்தவர் இதில் நம்மைவிடக் கெட்டி. இலங்கையில் பணியாற்றிய ராபர்ட் பெர்சிவல் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1803-இல் வெளிவந்த தம் நூலில் மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பை விவரித்திருக்கிறார். படகை நடத்த ஒரு தண்டல். அவருக்குக் கீழே இருபது பேர். பத்துப் பேர் துடுப்பு வலிப்பார்கள். மூழ்கியவர்களை மேலே இழுக்கக் கைகொடுப்பதும் அவர்கள்தான். மற்றப் பத்துப் பேர் மூழ்குபவர்கள். அந்தப் பத்துப் பேரும் ஒன்றாக இறங்க மாட்டார்கள். ஐந்து பேர் கல்லோடு கீழே போவார்கள். அவர்கள் மேலே வந்ததும் அடுத்த ஐவர் போவார்கள். ஒருவர் மூச்சு வாங்கும் நேரத்தில் இன்னொருவர் வேலை செய்கிறார்.

முதல் ஐவர், இரண்டாம் ஐவர் என்ற பேதமே அந்தப் படகில் இல்லை. பத்துப் பேரும் தினம் தண்ணீரைத் தொட்டார்கள். உங்கள் மாற்றாள் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தவரா, படகில் உட்கார்ந்து பார்த்தவரா?

செய்முறை எளிது. வட்டம் போட்ட ஒவ்வொரு வேலையையும் மாதத்தில் இரண்டு நாள் இரண்டாம் ஆள் முழுதாகச் செய்யட்டும். முதல் ஆள் அன்று அறைக்குள் இருக்கக் கூடாது. பாஸ்வேர்டு, சாவி, கையெழுத்து அதிகாரம், வாடிக்கையாளரின் எண் எல்லாம் முறைப்படி இரண்டாம் ஆளின் பெயரிலும் இருக்கட்டும். அந்த இரண்டு நாள் வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும். அது பயிற்சிக் கட்டணம். இறால் கன்டெய்னரின் மின்சாரப் பில்லைவிட மலிவு.

படி 6: சுவரில் காலண்டர் மாட்டுங்கள்

ஆள் குறைவது பெரும்பாலும் திடீர் விபத்து இல்லை. தேதி முன்பே தெரியும், நாம்தான் பார்ப்பதில்லை.

செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருநாள். வெளியூரில் இருக்கும் மணப்பாட்டுக்காரர்கள் ஊர் திரும்பும் நேரம். அந்த வாரத்தில் சென்னையில் முக்கியமான ஆட்டம் வைத்துவிட்டு "பையன்கள் வரவில்லை" என்று புலம்பினால் தவறு யாருடையது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளில் விசைப்படகில் வேலை செய்யும் இளைஞர்கள் கரையில் கிடைப்பார்கள். பயிற்சி முகாம் போட அதைவிட நல்ல காலம் ஏது? மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு. கப்பலுக்குப் போகிறவர்கள் மாதக்கணக்கில் ஊரில் இருக்க மாட்டார்கள். போகும் மாதமும் வரும் மாதமும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும்.

ரக்பிக்கு இன்னொரு கணக்கும் உண்டு: காயம். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே உள்ளூர் ஆட்டத்தில் அந்த வீரர் அன்று மறுபடி இறங்கக் கூடாது. பிறகும் படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். மாற்றாள் இல்லாத அணிதான் "ஒன்றுமில்லை, ஆடு" என்று அடிபட்டவரை உள்ளே தள்ளும். ஆழமில்லாத அணி வீரர்களின் உடம்பைக் கடன் வாங்கி ஆடுகிறது. அலுவலகத்திலும் அதேதான், காய்ச்சலோடு வந்து உட்காருபவரை விசுவாசி என்று மெச்சுகிறோம். உண்மையில் அவர் வீட்டில் படுக்க முடியாதபடி நாம் வைத்திருக்கிறோம்.

படி 7: கழித்துவிட்டவரின் எண்ணை அழிக்காதீர்கள்

2011 ரக்பி உலகக் கோப்பை நியூசிலாந்தில். அந்நாட்டு அணியில், ஆட்டத்தை நடத்தும் 10-ஆம் எண் இடத்தில் உலகின் தலைசிறந்த வீரர் டான் கார்ட்டர். லீக் ஆட்டங்களின்போதே பயிற்சியில் காயம், போட்டியே முடிந்தது. அடுத்தவர் காலின் ஸ்லேட், காலிறுதியில் காயம். மூன்றாமவர் ஆரோன் குரூடன், தொடக்கத்தில் அணியிலேயே இல்லாதவர். இறுதியாட்டத்தின் முதல் பாதியில் முழங்கால் போனது.

நான்காவது ஆள் ஸ்டீபன் டொனால்ட். அதற்கு முந்தைய ஆண்டு ஹாங்காங்கில் ஆஸ்திரேலியாவிடம் தோற்ற ஆட்டத்தின் பழியைத் தலையில் சுமந்தவர். உலகக் கோப்பை அணியில் இடம் கிடைக்காமல், வைக்காட்டோ ஆற்றில் பொடிமீன் பிடித்துக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் கிரஹாம் ஹென்றி கூப்பிட்ட போனை எடுக்கவே இல்லை. கூட்டாளி ஒருவர் சொல்லித்தான் எடுத்தார். அக்டோபர் 23, ஈடன் பார்க். அளவு சரியில்லாமல் வயிற்றுக்கு மேலே ஏறிய ஜெர்சியோடு இறங்கினார். இரண்டாம் பாதியில் அவர் உதைத்த மூன்று புள்ளிகள்தான் கடைசியில் வெற்றியைத் தீர்மானித்தன. பிரான்ஸ் 7, நியூசிலாந்து 8.

மீன் பிடிக்கிற ஊரில் இந்தக் கதையைச் சொன்னால் சிரிக்காதவர் கிடையாது. நிர்வாகிக்கு அதில் வேலை இருக்கிறது. ஒருவரை எடுக்கவில்லை என்றால் காரணத்தை முகத்துக்கு நேரே, மரியாதையோடு சொல்லுங்கள். வேலையை விட்டுப் போகிறவருக்குக் கணக்கைச் சுத்தமாக முடித்து, அனுபவச் சான்றிதழை அன்றே கொடுங்கள். வருடத்தில் ஒரு முறையாவது, கிறிஸ்துமஸுக்கோ பொங்கலுக்கோ, சும்மா ஒரு போன் போடுங்கள். நான்காவது ஆள் உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்கமாட்டார். உங்கள் போனை எடுக்கும் மனநிலையில் இருந்தால் போதும்.

பெஞ்சில் இருப்பவருக்கு

இதுவரை ஆள் எடுப்பவரிடம் பேசினேன். இனி, காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு.

எந்த இடத்துக்கு நீங்கள் இரண்டாம் ஆள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். "எல்லாத்துக்கும் நீதான்" என்று பதில் வந்தால், எதற்கும் நீங்கள் இல்லை என்று அர்த்தம். ஓர் இடத்தை முழுதாக, இன்னோர் இடத்தை முக்காலாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஐந்து இடத்தைக் கால்கால் கற்பவரை யாரும் இறுதியாட்டத்தில் இறக்குவதில்லை.

ஆடிய நிமிடங்கள், ஓட்ட நேரம், ஆட்டத்தின் வீடியோ, முடித்த வேலைகளின் பட்டியல் எல்லாவற்றையும் நீங்களே சேர்த்து வையுங்கள். உங்கள் ஜாதகத்தை உங்களைவிட அக்கறையாக யாரும் எழுதமாட்டார்கள்.

கையெழுத்துப் போடுமுன் மூன்று வரியைத் தேடுங்கள்: காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, ஆடாத மாதத்துக்குச் சம்பளம் உண்டா, வேறு அணிக்குப் போக எத்தனை நாள் முன்னறிவிப்பு. இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் சாதனை விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதை நம்பி ஒரு விளையாட்டுக்குள் இறங்குமுன், அந்த விளையாட்டும், நீங்கள் ஆடப்போகும் போட்டியின் மட்டமும், கொடுக்கப்படும் சான்றிதழும் அப்போதைய அரசாணைப்படி செல்லுமா என்று விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். நான்கு வருடம் வியர்வை சிந்திவிட்டுக் கேட்கும் கேள்வி இல்லை அது.

ஆட்டம் முடிந்த பிறகும் வேலை உண்டு. நடுவர், உடற்பயிற்சியாளர், பிசியோதெரபி, வீடியோ ஆய்வு என்று ஓர் அணியைச் சுற்றிப் பல நாற்காலிகள். உலக ரக்பி அமைப்பு விதிகள், பாதுகாப்பு, முதலுதவி பற்றி இணையத்தில் இலவசப் பாடங்கள் நடத்துகிறது. பெஞ்சில் உட்காரும் மாதங்களில் அவற்றை முடித்துவிடலாம்.

இந்தத் திங்கட்கிழமை

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். ஒரு தாள், ஒரு பேனா, ஒரு மணி நேரம்.

1. நின்றால் எல்லாம் நிற்கும் வேலைகளுக்கு வட்டம் போடுங்கள்.
2. ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம். இரண்டாம் கட்டத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் ஓர் இடத்தில் மட்டும் விட்டு மற்றதை அடியுங்கள்.
3. காலியான கட்டங்களில் மிக ஆபத்தான ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, இந்த மாதத்தில் இரண்டு நாள் பயிற்சிக்குத் தேதி குறியுங்கள்.
4. அடுத்த ஆறு மாதத் திருவிழா, தேர்வு, திருமணம், ஒப்பந்தம் முடியும் நாட்களைக் காலண்டரில் ஏற்றுங்கள்.
5. முன்பு விலகிப்போன ஒரு நல்ல ஆளுக்கு இன்று போன் போடுங்கள்.

சில வாரம் கழித்து மறுபடி மணப்பாடு போனேன். அதே இருட்டு, அதே வள்ளம். என்ஜின்காரர் பிள்ளைக்குத் தேவாலயத்தில் முதல் நன்மை என்று அன்றும் வரவில்லை. ஆனால் இந்த முறை முன்கூட்டியே சொல்லியிருந்தார். என்ஜின் பக்கம் ஓர் இளைஞன் குனிந்திருந்தான். கயிற்றை இழுத்தான். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தான். உரிமையாளரின் கை தானாக நீண்டது; பிறகு என்ன நினைத்தாரோ, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

மூன்றாவது இழுப்பில் என்ஜின் பிடித்தது.